குழந்தைகளின் மொழி வளர்ச்சித் தாமதம்

குழந்தைகளின் மொழி வளர்ச்சித் தாமதம் என்பது, ஒரு குழந்தை தன் அகவைக்கு எதிர்பார்க்கப்படும் அளவில் மொழியைப் புரிந்துகொள்ளாமலோ, மொழியைக் கொண்டு தன் எண்ணத்தை வெளிப்படுத்தாமலோ இருக்கும் நிலையைக் குறிக்கும். வளர்ச்சி வழக்கமான வரிசையிலேயே, ஆனால் மெதுவாக நிகழுமாயின் அது தாமதம் எனப்படும். வளர்ச்சியின் போக்கே வேறுபட்டு, பள்ளி அகவையிலும் நீடித்து, அன்றாட வாழ்வையும் கல்வியையும் பாதிக்குமாயின் அது மொழிக் குறைபாடு எனப்படும். இரண்டையும் தொடக்கத்தில் பிரித்தறிவது எளிதன்று. இரண்டு அகவைக் குழந்தை ஒன்று பேசாதிருக்கும்போது, அது நாளை தானாகப் பேசிவிடுமா அல்லது உதவி தேவைப்படுமா என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. இத்துறையின் பெரும்பகுதி இக்கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது.

மொழியும் பேச்சும்

பேச்சு, மொழி என்னும் இரண்டு சொற்களும் பொது வழக்கில் ஒன்றாகவே பயன்படுத்தப்படுகின்றன. மருத்துவத்திலும் மொழியியலிலும் இவை வேறு. பேச்சு என்பது மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு ஆகியவற்றைக் கொண்டு ஒலிகளை உருவாக்கும் செயல். மொழி என்பது சொற்கள், அவற்றின் பொருள், அவற்றை இணைக்கும் இலக்கணம், இடமறிந்து அவற்றைப் பயன்படுத்தும் முறை ஆகியவை சேர்ந்த அறிவு. திக்குவாய் உள்ள குழந்தைக்குப் பேச்சில் தடை உண்டு. மொழியில் குறை இல்லை. பிளவுபட்ட அண்ணத்துடன் பிறந்த குழந்தைக்கும் பெரும்பாலும் இவ்வாறே. சைகை மொழியில் சரளமாக உரையாடும் காது கேளாத குழந்தைக்குப் பேச்சு இல்லாமல் இருக்கலாம், ஆனால் முழுமையான மொழி உண்டு. மாறாக, ஒலிகளைத் தெளிவாக உச்சரிக்கும் ஒரு குழந்தை, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லிக்கொண்டு, அதன் பொருளை அறியாமல் இருக்கலாம்.

மொழியிலும் புரிதல், வெளிப்பாடு என இரு பக்கங்கள் உண்டு. எல்லாக் குழந்தைகளிலும் புரிதலே முந்துகிறது. பத்துச் சொற்கள் மட்டும் பேசும் குழந்தைக்கு ஐம்பது சொற்கள் புரியலாம். பேச்சு மட்டும் பின்தங்கிய குழந்தையைவிட, புரிதலும் சேர்ந்து பின்தங்கிய குழந்தையைப் பற்றியே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பது வெளிப்பாட்டை மட்டுமே. "எல்லாம் புரிகிறது, பேச மட்டும் மாட்டேன் என்கிறான்" என்னும் கூற்றைச் சற்று ஐயத்துடன் அணுக வேண்டியுள்ளது. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு "சாப்பிட வா" என அழைக்கும்போது, குழந்தை சொல்லைக் கேட்டு வருகிறதா, தட்டைப் பார்த்து வருகிறதா என்பது தெரிவதில்லை. கையில் எதுவும் இல்லாமல், சைகையும் காட்டாமல், அடுத்த அறையிலுள்ள செருப்பை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

வளர்ச்சிப் படிநிலைகள்

குழந்தை வளர்ச்சியை மாதக் கணக்கில் பகுத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, மூன்றாம் மாதத்துக் காப்புப் பருவம் தொடங்கிப் பத்துப் பருவங்களாகக் குழந்தைப் பருவத்தைப் பாடுகிறது. ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரைப் பருவத்திற்கு, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலைநிமிர்ந்து ஆடுவது என்னும் விளக்கம் பரவலாக உள்ளது. 'கீர்' என்பதற்குச் சொல் எனப் பொருள் கொண்டு, குழந்தை மழலை ஒலிகளை எழுப்பத் தொடங்கும் பருவம் எனக் கூறுவோரும் உளர். இன்றைய அளவுகோல்களும் ஏறத்தாழ இக்காலத்தையே மழலை ஒலிகளின் தொடக்கமாகக் கொள்கின்றன.

பிறந்த குழந்தை உரத்த ஒலிக்குத் திடுக்கிடும். இரண்டு மூன்று மாதங்களில் உயிரொலிகளை நீட்டி ஒலிக்கும். ஆறாம் மாதம் முதல் பத்தாம் மாதத்திற்குள் 'பபப', 'மமம', 'தததா' என மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள் தொடர்ச்சியாக வரவேண்டும். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் ஒலி எழுப்பும் என்பதால் பெற்றோர் ஏமாறுவதுண்டு. ஆனால் இந்த அசைத் தொடர் அதனிடம் தாமதமாகவே வரும், அல்லது வராமலேயே போகும். ஒன்பது மாத அளவில் தன் பெயரைக் கேட்டால் திரும்பும். ஓர் அகவையை ஒட்டி முதல் சொல் தோன்றும். தமிழ் வீடுகளில் அது அம்மா, அப்பா, தாத்தா என்பவற்றுள் ஒன்றாகவோ, மம்மு, ஊவா, டாட்டா போன்ற மழலை வழக்குச் சொல்லாகவோ இருப்பது வழக்கம். இத்தகைய சொற்களும் சொற்களே. குழந்தை ஒரே ஒலியை ஒரே பொருளுக்கு நிலையாகப் பயன்படுத்தினால், அது பெரியோர் உச்சரிப்பில் இல்லாவிட்டாலும் கணக்கில் சேரும்.

முதல் சொல்லைப் போலவே முதன்மையானது விரல் சுட்டுதல். வேண்டிய பொருளைக் கேட்பதற்காகச் சுட்டுவது ஒன்று. காக்கையையோ நிலவையோ சுட்டிக்காட்டிவிட்டு, தாயும் பார்க்கிறாளா என அவள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. இரண்டாவது வகை, ஒரு மனம் மற்றொரு மனத்துடன் பகிர்ந்துகொள்ள முயல்வதன் அடையாளமாகும். ஒன்றரை அகவையிலும் இது தோன்றாமல், பெயர் சொல்லி அழைத்தாலும் குழந்தை திரும்பாமல் இருக்குமாயின், பேச்சை மட்டும் எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

இரண்டு அகவையில் ஏறத்தாழ ஐம்பது சொற்களும், 'அம்மா வா', 'இன்னும் பால்' போன்ற இருசொல் தொடர்களும் எதிர்பார்க்கப்படுகின்றன. மூன்று அகவையில் சிறு வாக்கியங்கள் வரும். வெளியாட்களுக்கும் பேச்சின் பெரும்பகுதி விளங்கும். எந்த அகவையிலும், முன்பு பேசிய சொற்களைக் குழந்தை இழந்துவிட்டால் அது உடனடியாக மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலையாகும்.

தாமதமாகப் பேசுவோர்

இரண்டு அகவையில் ஐம்பது சொற்களுக்குக் குறைவாகப் பேசும், அல்லது இரண்டு சொற்களைச் சேர்க்காத, ஆனால் வேறு குறை எதுவும் காணப்படாத குழந்தைகள் ஆய்வுகளில் 'தாமதமாகப் பேசுவோர்' என அழைக்கப்படுகின்றனர். இவர்களுள் ஆண் குழந்தைகள் மிகுதி. பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளி செல்லும் அகவைக்குள் மற்ற குழந்தைகளை எட்டிப் பிடித்துவிடுகின்றனர். "அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்னும் பாட்டிமார் கூற்றில் உண்மை இருப்பது இதனால்தான். ஆனால் இக்கூற்று எட்டிப் பிடித்தவர்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. மேலும், குடும்பத்தில் ஒருவர் தாமதமாகப் பேசியிருப்பது ஆறுதலுக்குரிய செய்தி மட்டுமன்று. மொழிக் குறைபாடு குடும்ப வழியாக வருவதால் அது கவனத்துக்குரிய செய்தியும் ஆகும்.

புரிதல் நன்றாக இருத்தல், சைகைகளை மிகுதியாகப் பயன்படுத்துதல், பாவனை விளையாட்டு விளையாடுதல் ஆகியவை நல்ல அறிகுறிகளாகக் கருதப்படுகின்றன. எனினும் தனி ஒரு குழந்தையின் எதிர்காலத்தை இவற்றைக் கொண்டு உறுதியாகக் கணிக்க இயலாது. அதனால் மூன்று அகவை வரை பொறுத்துப் பார்ப்பதாயினும், காதைச் சோதித்த பின்னரே பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பது இத்துறையினரின் பொதுவான அறிவுரை.

காது கேளாமை

மொழித் தாமதத்தின் காரணங்களுள் முதலில் சோதிக்கப்பட வேண்டியதும், காலத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பயன் விளைவதும் காது கேளாமையே. உலக அளவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஒன்று முதல் மூன்று வரை நிலையான செவித்திறன் குறைவுடன் பிறக்கின்றன. இவற்றுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. ஆகவே பெற்றோர் இதனை எதிர்பார்த்திருப்பதில்லை. கதவு அறையப்படும் அதிர்வுக்கோ, நிழல் அசைவுக்கோ குழந்தை திரும்புவதைக் கண்டு காது கேட்கிறது என முடிவு செய்துவிடுகின்றனர்.

தமிழ்நாட்டில் இதற்குக் குறிப்பிடத்தக்க ஒரு சமூகப் பின்னணி உண்டு. தாய்மாமனையும், அத்தை அல்லது மாமன் மக்களையும் மணக்கும் வழக்கம் நாட்டிலேயே மிகுதியாக உள்ள மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்றாகும். பிறவிச் செவிடு பெரும்பாலும் ஒடுங்கு மரபணுக்களால் வருவது. அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற அதே மரபணு வந்தால் மட்டுமே குழந்தைக்குக் குறை வெளிப்படும். உறவுக்குள் மணம் புரிவோர் ஒரே முன்னோரிடமிருந்து அம்மரபணுவைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுதல். உறவில் மணந்த இணையருக்குப் பிறக்கும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலானவை நல்ல செவித்திறனுடனேயே பிறக்கின்றன என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கூடுவது வாய்ப்பு மட்டுமே.

கருவுற்ற காலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா என்னும் அம்மை வகை மற்றொரு காரணமாகும். தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. குறைமாதப் பிறப்பு, மூளைக்காய்ச்சல், பிறந்த சில நாட்களில் கடுமையாகும் மஞ்சள் காமாலை ஆகியவையும் செவியைப் பாதிக்கும். பிறவிக் குறை இல்லாத குழந்தைக்கும் நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டு மாதக்கணக்கில் நீடித்தால் கேட்கும் திறன் ஏறி இறங்கும். இதற்கு வலி இருக்க வேண்டும் என்பதில்லை.

பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்க இரு முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவதில், காதில் சிறு ஒலி செலுத்தப்படுகிறது. நலமான உட்செவி தானும் ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். கருவி அதனை அளக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சோதனைக்குக் குழந்தையின் ஒத்துழைப்பு தேவையில்லை, அது உறங்கினால் போதும். இரண்டாவது, மருத்துவமனைகளில் 'பெரா' எனப்படுவது. ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் எதிர்வினையைத் தலையில் ஒட்டிய மின்முனைகள் பதிவு செய்கின்றன. முதல் சோதனை உட்செவியை மட்டுமே பார்க்கிறது. கடும் மஞ்சள் காமாலையில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் செவி நரம்பு. ஆகவே அத்தகைய குழந்தை முதல் சோதனையில் தேறிவிடவும் கூடும். அதற்கு 'பெரா' சோதனையும் செய்யப்பட வேண்டும்.

ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் உதவி என்பது பன்னாட்டளவில் பின்பற்றப்படும் குறிக்கோள். ஆறு மாதத்திற்குமுன் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன், பின்னர் கண்டறியப்பட்டவர்களுடையதைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்ததை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்து 1998 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மூளையின் செவிப்புலப் பகுதி ஒலியே வராமல் நெடுங்காலம் காத்திருப்பதில்லை. காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ மூன்றரை அகவைக்குமுன் கருவி பெற்றவர்களின் மூளை விரைவில் இயல்பான எதிர்வினைக்கு நெருங்குவதையும், ஏழு அகவைக்குப் பின் பெற்றவர்களிடம் பெரும்பாலும் அவ்வாறு நிகழாததையும் கண்டனர். ஓராண்டுத் தாமதம் என்பது பெரியவர்களுக்கு ஓராண்டு. இக்குழந்தைகளுக்கு அது திரும்பப் பெற முடியாத பங்காக இருக்கலாம்.

பிற காரணங்கள்

அறிவுத்திறன் குறைபாடு, மதியிறுக்கம், பெருமூளை வாதம், டவுன் நோய்க்கூட்டறிகுறி ஆகியவற்றுடன் மொழித் தாமதம் சேர்ந்து வரும். மதியிறுக்கத்தில் சொற்களின் எண்ணிக்கையைவிட, உரையாடலுக்கான நாட்டமே வேறுபட்டிருப்பது அடையாளமாகும். நாக்கின் அடியிலுள்ள சவ்வு நாக்கைக் கட்டியிருப்பதுதான் பேச்சு வராமைக்குக் காரணம் எனக் கருதி அதனை வெட்டிவிடக் கோருவது பரவலாக உள்ளது. மிக இறுகிய சவ்வு பால் குடிப்பதையும் சில ஒலிகளையும் பாதிக்கக்கூடும். ஆனால் அது ஒரு குழந்தைக்குச் சொற்களே வராமல் செய்வதில்லை.

கைப்பேசி, தொலைக்காட்சித் திரைகளைப் பொறுத்தவரை, அவை குழந்தையின் முன் இருக்கும் நேரம் அதனிடம் யாரும் பேசாத நேரமாகிவிடுகிறது என்பதே முதன்மைச் சிக்கல். உலக சுகாதார அமைப்பு 2019 இல் வெளியிட்ட நெறிமுறை, இரண்டு அகவை நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் எனவும், அதன்பின் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகக் கூடாது எனவும் கூறுகிறது. மிகுந்த திரை நேரமும் மொழித் தாமதமும் ஒருங்கே காணப்படுகின்றன என்பது பல ஆய்வுகளின் முடிவு. எனினும் பேசாத ஒவ்வொரு குழந்தையின் நிலைக்கும் கைப்பேசியே காரணம் எனச் சொல்லித் தாயைக் குற்றம் சாட்டிவிட்டு, செவிச் சோதனையைத் தவிர்ப்பது தீங்கானது.

வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு

காது கேட்கிறது, அறிவுத்திறன் குறைபாடோ மதியிறுக்கமோ இல்லை, வீட்டில் அன்புக்கும் பேச்சுக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் சில குழந்தைகளுக்கு மொழி மட்டும் எளிதாக வருவதில்லை. இந்நிலை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு எனப்படுகிறது. முற்காலத்தில் 'வளர்ச்சிசார் அஃபேசியா' எனவும், பின்னர் 'குறித்த மொழிக் குறைபாடு' எனவும் இது வழங்கியது. பெயர்கள் பலவாக இருந்ததால் ஆய்வுகளை ஒப்பிடவும் பெற்றோருக்கு விளக்கவும் இடர்ப்பாடு நேர்ந்தது. ஆக்சுபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் டாரதி பிசப் தலைமையில், ஆங்கிலம் பேசும் பல நாடுகளின் வல்லுநர்கள் கலந்தாய்ந்து, 2016, 2017 ஆம் ஆண்டுகளில் இப்பெயரைப் பரிந்துரைத்தனர். 2022 இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பிலும் இதே பெயர் இடம்பெற்றுள்ளது.

இது அரிய நிலையன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மழலையர் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்தி 1997 இல் வெளியிடப்பட்ட ஆய்வில் 7.4 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருந்தது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 2016 இல் வெளிவந்த ஆய்வின் மதிப்பீடும் ஏறத்தாழ இதே அளவு. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் எனக் கொள்ளலாம். மதியிறுக்கத்தைவிட மிகுதியாகக் காணப்பட்டும், பொதுமக்கள் இதன் பெயரைக் கூடக் கேள்விப்பட்டதில்லை. இக்குழந்தைகள் பேசாதவர்கள் அல்லர்; பேசுவார்கள். ஆனால் சொற்களைத் தேடுவார்கள், 'அது', 'இது', 'அங்க' என்பவற்றால் நிரப்புவார்கள், நடந்ததை வரிசையாகச் சொல்லத் திணறுவார்கள், நீண்ட கட்டளையின் பாதியை மட்டும் நிறைவேற்றுவார்கள். பள்ளியில் இது கவனக்குறைவு, சோம்பல், அடங்காமை என்னும் பெயர்களால் அறியப்படுகிறது.

இதனைக் கண்டறியப் பயன்படும் சோதனைகளுள் எளியதும் ஆர்வமூட்டுவதுமான ஒன்று, பொருளற்ற சொற்களைத் திருப்பிச் சொல்லச் செய்வது. 'பிடோமு', 'கதுலேமிசு' போன்ற, எந்த மொழியிலும் இல்லாத ஒலித்தொடரைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்ல, அதனைச் சில நொடிகள் நினைவில் வைத்திருக்க வேண்டும். புதிய சொல் ஒவ்வொன்றும் முதலில் குழந்தைக்குப் பொருளற்ற ஒலித்தொடர்தான் என்பதை எண்ணினால் இச்சோதனையின் பொருத்தம் விளங்கும்.

மரபணுக்களின் பங்கு உறுதியாக அறியப்பட்டுள்ளது. இலண்டனில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கடும் பேச்சு, மொழிக் குறைபாடு இருந்தது. அவர்களை ஆராய்ந்ததில் 2001 இல் 'பாக்சு பி2' என்னும் மரபணுவில் பழுது கண்டறியப்பட்டது. செய்தித்தாள்கள் இதனை 'மொழி மரபணு' என எழுதின. அது மிகைக்கூற்று. பெரும்பாலான குழந்தைகளிடம் இம்மரபணு நலமாகவே உள்ளது. சிறு விளைவுகளையுடைய பல மரபணுக்கள் சேர்ந்தே குறைபாட்டை உண்டாக்குவதாகக் கருதப்படுகிறது.

தமிழில் மதிப்பிடுவதில் உள்ள சிக்கல்கள்

மொழித் தாமதம் பற்றிய அளவுகோல்களுள் பல ஆங்கிலக் குழந்தைகளைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழுக்குப் பெயர்த்தால் பிழை நேரும். தமிழ் ஒட்டுநிலை மொழி. 'வரமாட்டேன்' என்று ஒரு குழந்தை சொன்னால், சொல் எண்ணிக்கையில் அது ஒன்றுதான். ஆனால் அதில் வருதல், மறுப்பு, தன்மை, ஒருமை ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. இதே கருத்தைச் சொல்ல ஆங்கிலக் குழந்தைக்கு மூன்று சொற்கள் தேவைப்படலாம். ஆகவே இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா என்று மட்டும் கேட்பது போதாது. வேற்றுமை உருபுகளும், கால இடைநிலைகளும், திணை பால் விகுதிகளும் எந்த அளவில் வந்துள்ளன என்றும் பார்க்க வேண்டும். மூன்று அகவையைக் கடந்த தமிழ்க் குழந்தை உருபுகளைத் தொடர்ந்து விட்டுவிட்டு, 'அண்ணா அடிச்சு, பாப்பா அழு' என்ற அளவிலேயே நிற்குமாயின் அது கவனிக்கத்தக்கது.

வட்டார வழக்கும் குறுக்கிடும். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் 'பழம்' என்பதைப் 'பயம்' என ஒலிக்கும் பெரியோர் பலர். தென்மாவட்டங்களில் அது 'பளம்' ஆகும். ழகரம் குழந்தைகள் தாமதமாகக் கற்கும் ஒலி. பல வட்டாரங்களில் கற்கவே தேவையில்லாத ஒலியும் கூட. வீட்டில் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் குழந்தையை உச்சரிப்புக் குறையுடையதாகக் கொள்வது தவறு. இதனுடன் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளியும் சேர்கிறது. பள்ளிக்கு வரும் குழந்தை 'இருக்கு' என்பதற்கு 'இருக்கிறது' என்னும் மற்றொரு வடிவத்தையும் கற்க வேண்டியுள்ளது. மொழித்திறன் நன்றாக உள்ள குழந்தை இதனை எளிதில் கடந்துவிடும். மொழிக் குறைபாடுள்ள குழந்தை பாடநூலின் முதல் பக்கத்திலேயே தடுமாறும்.

இந்தியக் குழந்தைகளுக்கென உருவான அளவுகோல்களுள் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தின் வளர்ச்சி அட்டவணையும், அங்கேயே உருவாக்கப்பட்ட பிறப்பு முதல் மூன்று அகவை வரையான மொழி மதிப்பீட்டு அளவுகோலும் குறிப்பிடத்தக்கவை. அவை அங்கன்வாடிப் பணியாளரும் பயன்படுத்தத்தக்க எளிமை கொண்டவை.

காஞ்சிபுரமும் பன்மொழி வீடுகளும்

குழந்தையிடம் இரண்டு மொழி பேசினால் அது குழம்பிப் பேச்சு தாமதமாகும் என்னும் நம்பிக்கை கற்றவரிடையேயும் உண்டு. இதனைச் சோதித்துப் பார்க்கக் காஞ்சிபுரம் போன்ற நெசவு நகரம் பொருத்தமானது. இங்குத் தமிழ் பேசும் செங்குந்தருடன், தெலுங்கு பேசும் பத்மசாலியர், கன்னடமோ தெலுங்கோ பேசும் தேவாங்கர், சௌராட்டிர மொழி பேசுவோர் எனப் பல நெசவுச் சமூகத்தவர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். வீட்டுத் தறிக்குழியருகே ஒரு மொழியையும் தெருவில் மற்றொரு மொழியையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இரண்டையும் பேசினர். பன்மொழிச் சூழல் மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவும் ஆகும். இருமொழிக் குழந்தைக்கு ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் சொற்கள் குறைவாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். உண்மையான குறைபாடு இருப்பின் அது இரு மொழிகளிலும் தெரியும்.

நகரின் தென்புறம் பாலாற்றை ஒட்டியுள்ள செவிலிமேடு, முன்பு தனிப் பேரூராட்சியாக இருந்து பின் காஞ்சிபுரத்துடன் இணைக்கப்பட்டது. காஞ்சிபுரம் 2021 இல் மாநகராட்சியானது. இம்மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கும் இதே கேள்வி எழுகிறது. வீட்டில் இந்தியோ ஒடியாவோ வங்காளமோ கேட்டு வளரும் குழந்தை, தமிழ் அங்கன்வாடியில் சில மாதங்கள் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. அதனைக் குறைபாடு எனக் கொள்ளக் கூடாது. வெளியூர்ப் பிள்ளை என்று சொல்லி உண்மையான குறைபாட்டைக் கவனியாது விடவும் கூடாது. வீட்டு மொழியில் அது எவ்வாறு பேசுகிறது எனத் தாயிடம் கேட்பதே இரண்டையும் பிரித்தறியும் எளிய வழி. பேச்சு தாமதமான குழந்தையிடம் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் எனப் பெற்றோருக்குச் சில இடங்களில் கூறப்படும் அறிவுரைக்கு அடிப்படை இல்லை. தமக்குச் சரளமாக வராத மொழியில் பெற்றோர் பேசினால், குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சு அளவிலும் வளத்திலும் குறைந்துவிடுகிறது.

மரபுக் கதைகளில் பேசாத பிள்ளை

காஞ்சி காமாட்சியம்மன் கோயிலோடு தொடர்புடைய மரபுக் கதைகளுள் ஒன்று மூக கவியைப் பற்றியது. பிறவி ஊமையாக இருந்த அவர் அம்மனின் அருளால் பேச்சுப் பெற்று, மூக பஞ்ச சதி என்னும் ஐந்நூறு வடமொழிச் செய்யுட்களைப் பாடியதாகக் கூறுவர். 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர் ஐந்து அகவை வரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் பேச்சுப் பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மற்றொரு மரபு. அவரே பின்னர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும் பாடினார். பேசாத குழந்தையைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்று வேண்டிக்கொள்ளும் வழக்கம் இக்கதையை ஒட்டியது. நாக்கில் வசம்பு தடவும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு.

இக்கதைகள் நெடுங்காலமாகவே தமிழ்ச் சமூகம் பேசாத பிள்ளையைக் கவலையோடு கவனித்து வந்ததைக் காட்டுகின்றன. வேண்டுதலும் செவிச் சோதனையும் ஒன்றுக்கொன்று தடையல்ல. ஐந்து அகவை வரை காத்திருக்கலாம் என்னும் எண்ணம் மட்டுமே தடை.

தமிழ்நாட்டில் உள்ள ஏற்பாடுகள்

தமிழ்நாட்டில் காது கேளாதோர் கல்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் புளோரன்சு சுவைன்சன் என்னும் மறைப்பணியாளர் 1890களில் தொடங்கிய பள்ளி அவற்றுள் பழைமையானது. சென்னையில் 1969 இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, பள்ளி அகவைக்கு முன்பே, குறிப்பாக மூன்று அகவைக்குள், குழந்தைகளைச் சேர்த்துத் தாயையும் உடன் வைத்துப் பயிற்சி அளிக்கும் முறையால் அறியப்பட்டது. இங்குப் பயின்றவர்கள் பொதுப் பள்ளிகளில் சேர்ந்து படிப்பதே நோக்கம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 இல் அமைக்கப்பட்டது. அவ்வூர் 2019 இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது.

மாநில அரசு 2012 இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், ஆறு அகவைக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. பல இலட்சம் உரூபாய் செலவாகும் இச்சிகிச்சை, நெசவாளர், கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கும் எட்டியது இதனால்தான். ஆனால் கருவி பொருத்தியவுடன் குழந்தைக்குக் கேட்பது மொழியன்று, வெறும் ஒலி. ஒலியை மொழியாக்க, தொடர்ந்து சில ஆண்டுகள் பயிற்சி வேண்டும். வாரத்தில் இருமுறை பயிற்சி மையத்திற்குச் செல்வதற்குத் தாய் கூலியை இழக்க வேண்டியிருப்பது, கருவியின் விலையைப் போல எவர் கண்ணிலும் படாத செலவாகும். கருவியின் வெளிப்பகுதி பழுதானால் அதனைச் சீர்செய்யும் செலவும் உண்டு.

நடுவண் அரசு 2013 பெப்ரவரியில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைச் சோதிக்கின்றன. அவர்கள் தேட வேண்டிய முப்பது நிலைகளின் பட்டியலில் செவித்திறன் குறைவும் மொழித் தாமதமும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. கண்டறியப்பட்ட குழந்தைகள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படுகின்றனர். தாய்–சேய் நல அட்டையிலும் வளர்ச்சிப் படிநிலைகள் படங்களுடன் அச்சிடப்பட்டுள்ளன. எடையை மாதந்தோறும் குறிக்கும் அங்கன்வாடியில் சொற்களை யாரும் குறிப்பதில்லை என்பதால், அப்பக்கத்தைத் தாயே படித்துப் பார்ப்பது நல்லது.

பேச்சு மற்றும் மொழிப் பயிற்சி அளிப்போர், செவியியலும் பேச்சு மொழி நோயியலும் இணைந்த பட்டம் பெற்று, 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

வீட்டுப் பயிற்சி

சிறு குழந்தைகளுக்கான மொழிப் பயிற்சியின் பெரும்பகுதி வீட்டிலேயே நடைபெறுவது. 'பந்து சொல்லு, பந்து சொல்லு' எனக் கட்டாயப்படுத்துவது பயன் தருவதில்லை. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுவதும், அது சொன்னதைச் சற்று நீட்டித் திருப்பித் தருவதும் பயனுள்ளவை. குழந்தை 'பந்து' என்றால், 'ஆமா, பெரிய பந்து. பந்து உருளுது பாரு' என்பது போல. பேசிவிட்டுச் சில நொடிகள் காத்திருப்பதும் முறைகளுள் ஒன்று. வேண்டியதைக் குழந்தை கேட்கும் முன்பே எடுத்துக் கொடுத்துவிடும் அன்பான வீடுகளில் இது கடினமாகவே உள்ளது. விசைத்தறி, தொலைக்காட்சி போன்ற இரைச்சல்களுக்கு நடுவே மெய்யொலிகள் தெளிவாகக் கேட்பதில்லை என்பதால், நாளில் சிறிது நேரமாவது அமைதியான இடத்தில் முகம் பார்த்துப் பேச வேண்டும்.

சைகைகளைப் பயன்படுத்தினால் குழந்தை பேசாமலே இருந்துவிடும் என அஞ்சத் தேவையில்லை. காது கேளாத குழந்தைகளைப் பொறுத்தவரை, வாய்மொழிப் பயிற்சி மட்டுமா, சைகை மொழியுமா என்னும் விவாதம் நெடுநாளாக உள்ளது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவும் வாய்மொழி முறையையே சார்ந்திருந்தன. இந்திய சைகை மொழிக்கென 2015 இல் புதுதில்லியில் ஆய்வு மற்றும் பயிற்சி மையம் அமைக்கப்பட்டு, 2018 இல் முதல் அகராதி வெளியிடப்பட்டது. காக்ளியர் கருவி கிடைக்காத, அல்லது பலன் தராத குழந்தை, பேச்சுக்காகக் காத்திருந்து எந்த மொழியுமே இல்லாமல் வளர்வதுதான் பேரிழப்பு.

சட்டமும் பள்ளியும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதிலுள்ள 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு', குரல்வளை நீக்கம், அஃபேசியா போன்ற உடல் அல்லது நரம்புக் காரணங்களால் வரும் நிலையான குறைபாடு என வரையறுக்கப்பட்டுள்ளது. கண்ணுக்குப் புலப்படும் உடற்காரணம் எதுவும் இல்லாத வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு இவ்வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை. அதே சட்டத்தில் 'குறித்த கற்றல் குறைபாடு' என்னும் வகை, பேச்சு அல்லது எழுத்து மொழியைக் கையாள்வதில் உள்ள குறையாக வரையறுக்கப்பட்டு, எடுத்துக்காட்டுகளுள் 'வளர்ச்சிசார் அஃபேசியா'வையும் சேர்த்துள்ளது. உலகம் கைவிட்ட பழைய பெயர் இந்தியச் சட்டத்தில் நிலைத்திருப்பது ஒரு வகையில் நற்பேறு. இக்குழந்தைகள் சான்றிதழ் பெறுவதற்கான வழி அதன் ஊடாகவே உள்ளது. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவதற்குத் துணையாள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறது.

சான்றிதழ் இல்லாமலே ஆசிரியர் செய்யக்கூடியவையும் உள்ளன. நீண்ட கட்டளையை இரண்டாகப் பிரித்துச் சொல்லலாம், புதிய சொல்லைப் படத்துடனும் பலமுறையும் பயன்படுத்தலாம், வாய்மொழி விடைக்குக் கூடுதலாகச் சில நொடிகள் காத்திருக்கலாம், 'புரிந்ததா?' எனக் கேட்பதற்கு மாறாக, புரிந்ததைச் சொல்லச் செய்யலாம். புரிந்ததா என்னும் கேள்விக்கு மொழிக் குறைபாடுள்ள குழந்தை பெரும்பாலும் தலையை ஆட்டிவிடும்.